அறுவடையைக் கவனித்துக்கொள்

"நிச்சயம் பெரிய போர் வரப்போகிறது. வரவேண்டிய பணத்தையெல்லாம் விரைந்து வசூலித்துவிடு. வீட்டைக் காப்பதற்குத் துப்பாக்கியும் மருந்தும் குண்டும் தயாராக இருக்கட்டும். ஆனால் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடாதே, இதுவரை கெட்ட எண்ணம் இல்லாதவனுக்கும் அது எண்ணத்தைக் கொடுத்துவிடும். அறுவடையைக் கவனித்துக்கொள்." 1642ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே போர் மூள இருந்த நாள்களில், சர் எட்மண்ட் வெர்னி என்ற நிலக்கிழார் தம் பண்ணைக் காரியஸ்தர் வில்லியம் ரோட்ஸுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது. அந்த ஆண்டு அறுவடை முடிந்து சில வாரங்களுக்குள் அவர் போர்க்களத்தில் இறந்துபோனார். அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். மன்னரின் தலை வெட்டப்பட்டதும் பாராளுமன்றப் படைத்தளபதி கிராம்வெல் எழுந்ததும் எந்த வரலாற்று நூலிலும் இருக்கும். ஆனால் எனக்கு அந்தப் போர் உண்மையாக நடந்தது என்ற உணர்வைத் தந்தது இந்தக் கடிதத்தின் கடைசி வரிதான். நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். கதிர் முற்றி நிற்கும்போது வீட்டில் எந்தப் பெரிய துயரம் நேர்ந்தாலும், அதற்கு நடுவில் யாராவது ஒருவர் மெல்லிய குரலில் "அறுப்பு என்ன ஆகிறது?" என்று கேட்பார்கள். அந்தக் குரலை 380 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயரின் கடிதத்தில் கேட்டபோது, அவரை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பிறகு வேலையின் காரணமாக அந்தப் பக்கத்தில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்ததும், ஒரு விடுமுறை நாளில் அவருடைய ஊரான கிளேடனுக்கே சென்றதும் என் நல்லூழ்.

கிளேடன் லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. இன்று அங்கே நிற்கும் மாளிகை அவர் வாழ்ந்தது அன்று. பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் அவர் வழிவந்தவர் ஒருவர் கட்டியது. அதை ஒட்டியே சிறிய தேவாலயம். சுற்றிலும் புல்வெளி, தாழ்வான மேடுகள், ஆடுகள். அந்த வீட்டில் 30,000க்கும் மேற்பட்ட குடும்பக் கடிதங்கள் சேர்ந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தினோப், புகழ்பெற்ற செவிலி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் உடன்பிறந்த அக்காள், அவற்றைப் பொறுமையாகப் பிரித்து ஒழுங்குபடுத்தத் தொடங்கியதால்தான், ஒரு நடுத்தர நிலக்கிழார் குடும்பம் உள்நாட்டுப் போரை எப்படி வாழ்ந்து கடந்தது என்று நம்மால் ஏறக்குறைய மாதவாரியாகப் பார்க்க முடிகிறது. கடிதங்களைத் தூக்கி எறியாத ஒரு குடும்பத்துக்கு வரலாறு இவ்வளவு கடன்பட்டிருக்கிறது.

எட்மண்ட் வெர்னி பிறப்பால் போர்வீரர் அல்லர். 1611இல் சர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அண்டை ஊரான ஹில்ஸ்டனைச் சேர்ந்த மார்கரெட் டென்டனை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்து பத்துப் பேர் தங்கினார்கள். இளமையிலேயே இளவரசர் சார்லஸின் பரிவாரத்தில் சேர்ந்துவிட்டார். 1623இல் ஸ்பெயின் நாட்டு இளவரசியைப் பெண்கேட்டு சார்லஸ் மாட்ரிட்டுக்குச் சென்றபோது உடன் சென்றவர்களில் இவரும் ஒருவர். அங்கே மரணப் படுக்கையில் கிடந்த ஓர் இளம் ஆங்கிலேயப் பணியாளனை மதம் மாற்ற வந்த பாதிரியாரைத் தடுக்கும் முயற்சியில் அவரை அடித்தேவிட்டார் என்று பதிவாகியிருக்கிறது. அரசவை நாகரிகம் அறிந்தவர், ஆனால் மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். சார்லஸ் மன்னரானதும் இவரை அரண்மனையின் ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் பதவியில் அமர்த்தினார். அரண்மனையிலும் பாராளுமன்றத்திலும் ஆண்டின் பெரும்பகுதி கழிய, கிளேடனில் குத்தகை, வேலி, கால்நடை, மரம் வெட்டு ஆகியவற்றை ரோட்ஸ் பார்த்துக்கொள்வார். எது எந்த நாளில் நடக்க வேண்டும் என்று இவர் எழுதிக்கொண்டே இருப்பார்.

மன்னருக்காக அவர் ஆயுதம் எடுக்க வேண்டி வந்தது முதலில் 1639இல். மன்னர் தம் வழிபாட்டு முறையை ஸ்காட்லாந்தின் மேல் திணிக்க, அந்த நாடு எதிர்த்து எழுந்தது. நிலக்கிழார்கள் தத்தம் குதிரைகளோடு யார்க் நகருக்கு வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. எட்மண்டுக்கு வந்த ஆணையில் அவர் அணிய வேண்டிய முழுக்கவசத்தின் நிறம்கூடக் குறிக்கப்பட்டிருந்தது: செம்பழுப்பு இரும்பு, அதில் பொன் முலாம் பூசிய குமிழ் ஆணிகள். உயில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். எல்லையிலிருந்து மூத்த மகன் ரால்ஃபுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், போருக்கு என்று செய்யப்பட்ட அந்த அழகிய கவசத்துக்குள் இருந்த மனிதரின் மூச்சுத் திணறல் கேட்கிறது. முழுக்கவசத்தில் பணியாற்றுவது ஆளைக் கொன்றுவிடும். முதுகுக்கும் மார்புக்கும் உள்ள தகடும் கையுறையும் போதும். தலைக்குத் துப்பாக்கிக் குண்டு தாங்கும் எளிய தொப்பி ஒன்று, கனமில்லாமல் கிடைத்தால் அணியலாம், முகம் மூடும் தலைக்கவசம் எனக்கு ஒன்றுக்கும் பயன்படாது என்று எழுதுகிறார். படையைப் பற்றியும் ஒளிக்கவில்லை. படை பலவீனம், பணப்பை அதைவிடப் பலவீனம். இப்போதே சண்டையிட்டால் கழுத்தறுபடுவோம், தள்ளிப்போட்டால் படையைக் கட்டிக்காக்கக் காசில்லை என்பது அவர் கணிப்பு. தானும் வருகிறேன் என்று துடித்த ரால்ஃபை வரவே கூடாது என்று தடுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய கண் போர்க்களத்தையும் அப்படித்தான் பார்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வரவு என்ன, செலவு என்ன, எத்தனை நாள் தாங்கும். அந்த ஆண்டு பெரும் சண்டை நடக்காமல் பெர்விக்கில் உடன்பாடு ஏற்பட்டது. ஸ்காட்லாந்துக்காரர்களின் பாசறைக்கு மன்னரின் தூதராகச் சென்று பேச்சுக்கு வழி திறந்தவரும் இவர்தான்.

அடுத்த ஆண்டு கூடிய பாராளுமன்றங்களில் எட்மண்ட் விக்கம் தொகுதியின் உறுப்பினர். ரால்ஃப் எய்ல்ஸ்பரியின் உறுப்பினர். தந்தையும் மகனும் ஒரே அவையில் இருந்தார்கள். ரால்ஃப் முழங்கால்மேல் தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் அவை நடப்புகளைக் குறித்துக்கொண்டே இருப்பார். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க மன்னர் ஆயுதம் தாங்கியவர்களோடு அவைக்கு வந்த காட்சியும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அரண்மனை ஊழியராக இருந்தும் எட்மண்ட் அந்த அவையில் மன்னரின் விருப்பத்துக்கு எதிராகப் பலமுறை வாக்களித்தவர். பேராயர்களிடம் அவருக்கு மதிப்பில்லை. மன்னர் பாராளுமன்றத்தின் கோரிக்கைகளுக்கு இணங்கிவிடுவதே சரி என்பது அவர் கருத்து. அதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜான் ஹாம்டன், பாராளுமன்ற ஒப்புதல் இல்லாமல் விதித்த கப்பல் வரியைக் கட்ட மறுத்து நாடறிந்தவர், கொள்கை இழுத்த பக்கமே சென்று பாராளுமன்றத்துக்காகப் படை திரட்டினார். எட்மண்டின் கருத்து அவரை ஹாம்டனின் பக்கம் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நின்றது மன்னரின் பக்கம்.

ஏன் என்பதற்கு அவரே சொன்ன விடை இருக்கிறது. பிற்காலத்தில் கிளாரண்டன் பிரபு ஆன எட்வர்ட் ஹைட் அந்த நாள்களில் மன்னரோடு இருந்தவர். எல்லோரும் முகம் வாடிக் கிடக்கும்போது நீங்களாவது சற்று மலர்ச்சியோடு இருங்கள் என்று அவர் எட்மண்டிடம் கேட்டுக்கொண்டாராம். அதற்கு எட்மண்ட் மனம் திறந்து சொன்னது இது. உங்களுக்கு மனச்சாட்சி தெளிவாக இருக்கிறது. எனக்கு இந்தச் சண்டையே பிடிக்கவில்லை, மன்னர் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்றே மனமார விரும்புகிறேன். ஆனால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவருடைய ரொட்டியைத் தின்று அவருக்குப் பணிசெய்திருக்கிறேன். அவரைக் கைவிடும் இழிந்த செயலை என்னால் செய்ய முடியாது. என் மனச்சாட்சிக்கு எதிரானவற்றைக் காப்பதற்காக என் உயிரை இழப்பேன், இழப்பது உறுதி என்றும் எனக்குத் தெரியும்.

தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. கர்ணனையும் கும்பகர்ணனையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மனிதரை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் முதலில் அவ்வளவுதான் தோன்றியது. ஆனால் கிளேடன் கடிதங்களைத் தொடர்ந்து படித்தபோது, அந்தச் சொல்லின் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. எட்மண்ட் சோறு உண்டவர் மட்டுமல்லர், சோறு போட்டவரும்கூட. அவர் இல்லாதபோது வீட்டைக் காத்துக் குத்தகையைத் தண்டி அறுவடையை உள்ளே சேர்த்த ரோட்ஸ், அவரோடு களத்துக்குச் சென்ற பணியாளர்கள், அவர் நிலத்தில் உழுத குடியானவர்கள் எல்லோரிடமும் அவர் வாழ்நாள் முழுதும் எதிர்பார்த்ததும் பெற்றதும் இந்தக் கடமையைத்தான். உன் எஜமான் செய்வது சரியா தவறா என்று பார்த்துப் பணி செய் என்று அவர் எந்த ஊழியரிடமும் சொன்னதில்லை. "ரோட்ஸ், வீட்டைக் காத்துக்கொள்" என்று கட்டளையிடும் உரிமை எந்த ஒழுங்கிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ, அதே ஒழுங்குதான் "வெர்னி, கொடியைப் பிடி" என்று மன்னர் சொன்னபோது அவர் கையை நீட்ட வைத்தது. ஒன்றை மறுத்தால் மற்றதும் ஆட்டம் காணும். அவர் போர்வீரரானது நிலக்கிழார் என்ற நிலையை விட்டு வேறொன்றாக மாறியதால் அன்று. நிலக்கிழாராகவே கடைசிவரை நின்றதால்தான் என்று நான் நம்புகிறேன்.

1642 ஆகஸ்ட் 22. மாலை ஆறு மணி அளவில் நாட்டிங்ஹாம் கோட்டை மேட்டில், காற்றும் மழையுமாய் இருந்த பொழுதில், மன்னரின் போர்க்கொடி நாட்டப்பட்டது. அதை ஏந்திச் சென்றவர் எட்மண்ட். கூடியிருந்தவர்கள் கொஞ்சம் பேர். அறிவிப்பை மன்னரே கடைசி நேரத்தில் பேனாவால் திருத்தியிருந்ததால் வாசித்தவர் தடுமாறினார். அன்று இரவே காற்று அந்தக் கொடியைச் சாய்த்துவிட்டது என்று கிளாரண்டன் எழுதுகிறார். என் உயிரைப் பறிக்காமல் இந்தக் கொடியை என் கையிலிருந்து பறிக்க முடியாது என்று எட்மண்ட் சொன்னதாகக் குடும்ப மரபு.

அதற்குள் வீடு இரண்டாகப் பிளந்திருந்தது. ரால்ஃப் பாராளுமன்றத்தோடு இருந்துவிட்டார். அவருடைய தம்பி, தந்தையின் பெயரையே தாங்கிய எட்மண்ட், வீட்டில் எல்லோரும் மன் என்று அழைப்பார்கள், மன்னரின் படையில் இருந்தார். அந்தத் தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அண்ணா, நான் அஞ்சியது உண்மையாகிவிட்டது, நீங்கள் மன்னருக்கு எதிராக நிற்கிறீர்கள்; நீங்கள் செய்தது அழகில்லை; உங்களை இவ்வளவு நேசிக்கும் நானும் அப்பாவும் உங்களுக்குப் பகைவர்களாக நிற்க வேண்டியிருக்கிறதே என்று என் நெஞ்சு வேகிறது என்கிறார். தந்தையோ மகனுக்கு நேரடியாக எழுதுவதை நிறுத்திவிட்டார். இருவருக்கும் வேண்டிய சசெக்ஸ் சீமாட்டி இடையில் நின்று இருபக்கமும் எழுதிக்கொண்டிருந்தார்; உங்கள் தந்தை ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார், உங்களோடு உள்ள பிணக்கு மட்டுமல்ல, வேறு பலவும் அவரை வாட்டுகின்றன என்று அவர் ரால்ஃபுக்குத் தெரிவித்தார். முந்திய ஆண்டுதான் மார்கரெட் இறந்திருந்தார். வீட்டில் மணமாகாத பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள்.

எட்ஜ்ஹில் வார்விக்ஷயரில் உள்ள ஒரு நீண்ட மலைச்சரிவு. அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. மன்னரின் சகோதரி மகன் ரூபர்ட் வலப்புறக் குதிரைப்படையோடு பாய்ந்து எதிரிகளை விரட்டிக்கொண்டு கைன்டன் ஊர்வரை சென்றுவிட்டார். அவருடைய வீரர்கள் அங்கே மூட்டைகளைக் கொள்ளையிடுவதில் மூழ்கிவிட, நடுவில் மன்னரின் காலாட்படை காவலற்று நின்றது. பின்னால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பாராளுமன்றக் குதிரைப்படையை சர் வில்லியம் பால்ஃபர் அந்தக் காலாட்படையின்மேல் செலுத்தினார். கொடி அங்கேதான் இருந்தது.

எட்மண்ட் அன்று இரும்புக் கவசமும் அணியவில்லை, கெட்டித் தோல் சட்டைகூட அணியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைக்கவசத்தின் கனத்தைப் பற்றி மகனுக்கு அவ்வளவு விவரமாக எழுதியவர், இந்த நாளில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. கனம் தாங்காததாலா, காத்துக்கொள்ள விருப்பம் இல்லாததாலா? ஹைடிடம் அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. பக்கத்தில் அவருடைய பணியாளர் ஜேசன். களத்தில் இருந்த நண்பர் சர் எட்வர்ட் சிடென்ஹாம் பிறகு ரால்ஃபுக்கு எழுதினார்: உங்கள் தந்தை தம் கையால் இருவரைக் கொன்றார், அந்த இருவரில் ஒருவன் பாவம் ஜேசனைக் கொன்றவன், விழுவதற்கு முன் ஈட்டிகளோடு மோதியதில் கொடிக்கம்பத்தின் முனை உடைந்துபோயிற்று.

இந்தக் கடிதத்தில் ஜேசனைப் பற்றி இருப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எஜமானருக்காக ஊழியர் விழுகிறார். அந்த ஊழியருக்காக எஜமானர் வாளோங்குகிறார். அதன்பின் தம் எஜமானருக்காக அவரும் விழுகிறார். சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டும். ஜேசனுக்கு இந்தப் போரில் எந்தப் பக்கம் சரி என்று பட்டது, அவருக்கு வீட்டில் யார் இருந்தார்கள், கிளேடனில் அவர் எந்த வேலை பார்த்தார் என்று அறியும் விருப்பம் எனக்கு இன்றும் தீரவில்லை. எட்மண்டின் தயக்கத்தை எழுதி வைக்க ஹைட் இருந்தார். ஜேசனின் தயக்கத்தை யார் கேட்டார்கள்?

கொடி எதிரிகளின் கைக்குப் போய், கேப்டன் ஜான் ஸ்மித் என்பவரின் துணிவால் மீட்கப்பட்டது. அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. இறந்த பின்னும் எட்மண்டின் விரல்கள் கம்பத்தை விடாததால் கையை வெட்டித்தான் கொடியை எடுத்தார்கள் என்றும், மன்னர் தந்த மோதிரத்தை வைத்து அந்தக் கையை மட்டும் அடையாளம் கண்டார்கள் என்றும், இழந்த கையைத் தேடி அவர் ஆவி கிளேடனில் உலவுகிறது என்றும் கதைகள் வளர்ந்தன. கேட்பவரை உலுக்கும் கதைகள்தான். ஆனால் ரால்ஃப் சசெக்ஸ் சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு அந்தக் கதைகளில் நாட்டம் போய்விட்டது.

ரால்ஃப் தம் ஆள் ஒருவரைத் தந்தையின் உடலைத் தேடி அனுப்பியிருந்தார். பாராளுமன்றப் படைத்தலைவரும் பிரபுக்களும், அவரைச் சிறைப்பிடிக்கவும் இல்லை, உடல் எங்களிடம் வரவும் இல்லை, சாதாரணக் குதிரைவீரன் ஒருவன் கையால் இறந்தார் என்று உறுதிசொல்லிவிட்டார்கள். அந்த ஆள் அதோடு திரும்பவில்லை. களத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிணங்களைப் புதைத்த பாதிரியார் ஒவ்வொருவரிடமும் சென்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. அதே போரில் மன்னரின் பக்கம் நின்று இறந்த ஒபினி பிரபுவே வயலில் புதைக்கப்பட இருந்தாராம். தற்செயலாக அந்த வழியே வந்த ஒருவருக்கு அவரை அடையாளம் தெரிந்ததால் தேவாலயத்துக்குள் எடுத்துச் சென்று, மேலே போர்த்த ஒரு துணிகூட இல்லாமல் மண்ணில் இட்டார்கள் என்று ஒரு பாதிரியார் சொன்னார். புதைத்தவர்களின் எண்ணிக்கையைப் பாதிரியார்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அது 4,000ஐ நெருங்குகிறது என்று அந்த ஆள் கேட்டு வந்தார். இன்றைய ஆய்வாளர்கள் இறந்தவர்கள் அதைவிடக் குறைவு என்பார்கள். ஆனால் ஊர் ஊராய்ச் சென்று ஒரே கேள்வியைக் கேட்டுத் திரும்பியவரின் காதில் விழுந்த எண் அது.

எதிர்ப்பக்கம் நின்றதால் ரால்ஃபின் வீடு தப்பியதா என்றால் அதுவும் இல்லை. 1643இல் பாராளுமன்றம் ஸ்காட்லாந்தோடு செய்துகொண்ட மத உடன்படிக்கையில் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட வேண்டும் என்றபோது, மனச்சாட்சி ஒப்பவில்லை என்று ரால்ஃப் மறுத்தார். மனைவி மேரியோடு பிரான்ஸுக்குப் போய்ப் பிளுவா நகரில் அகதியாக வாழ்ந்தார். 1644 மார்ச்சில் தாயின் பிறந்தகமான ஹில்ஸ்டன் மாளிகையைப் பாராளுமன்றப் படை தாக்கிப் பிடித்து எரித்தது. கிளேடன் நிலங்கள் முடக்கப்பட்டன. அவற்றை விடுவிக்க 1646 இறுதியில் மேரி தனியாக இங்கிலாந்துக்கு வந்தார், அப்போது கருவுற்றிருந்தார். லண்டனில் பாராளுமன்றக் குழுக்களின் வாசலில் காத்துக் கிடந்து, தெரிந்தவர்களிடமெல்லாம் மன்றாடி, 1648 தொடக்கத்தில் நிலங்களை மீட்டார். இடையில் பிறந்த குழந்தை இறந்தது. ஏறக்குறைய அதே நாள்களில் பிரான்ஸில் விட்டு வந்த சிறு மகளும் இறந்தாள். 1649இல் அயர்லாந்தின் டிரோஹெடாவில் கிராம்வெல் நுழைந்தபோது தம்பி மன் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அண்ணனும் தம்பியும் சமாதானமாகியிருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல். தந்தையின் கொடியை விடவும் இந்த மேரி சுமந்தது கனம் என்று எனக்குப் படுகிறது. அவர் ஏந்தியவை மனுக்கள் மட்டுமே.

1650இல் பிளுவாவிலேயே மேரி இறந்தார். ரால்ஃப் அந்த உடலை அங்கே அடக்கம் செய்யவில்லை. கெடாதபடி மருந்திட்டுப் பெட்டியில் வைத்து, கடல் கடந்து கிளேடனுக்கு அனுப்பிவைத்தார். தாம் நாட்டுக்குத் திரும்ப வழியில்லாத நிலையிலும், கையில் பணம் இறுகியிருந்த காலத்திலும் இதைச் செய்தார். எட்ஜ்ஹில்லைச் சுற்றிய ஊர்களுக்கு ஆள் அனுப்பி வெறுங்கையோடு திரும்பி வரக் கண்டவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஏற்பாடுகளைப் படித்தால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் திரும்பி வந்து, முதுமைவரை அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார்.

நான் சென்ற அன்று தேவாலயத்தில் வேறு யாரும் இல்லை. ரால்ஃப் எழுப்பிய நினைவுச்சின்னம் சுவரில் உயர்ந்து நிற்கிறது. நான்கு பேரின் மார்பளவுச் சிலைகள்: எட்மண்ட், மார்கரெட், ரால்ஃப், மேரி. மன்னரோடு நின்ற தந்தையையும் பாராளுமன்றத்தோடு நின்ற தம்மையும் ரால்ஃப் ஒரே கல்லில் வைத்திருக்கிறார். எட்மண்ட் அங்கே சிலையாக மட்டும் இருக்கிறார். ஜேசன் எந்த வடிவிலும் இல்லை. வெளியே வந்தபோது தூரத்து வயலொன்றில் அறுவடை முடிந்த தாள்கட்டைகள் நின்றன. அடுத்த விதைப்புக்கு உழவு பாதிவரை வந்திருந்தது.